மேற்குக் கண்ணாடி: கட்டடப் படங்களில் கையொப்பம் வைக்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மணி,

எங்கள் ஊர் வாசிகசாலைப் படலையில் போன கிழமை ஒரு பெனர் கட்டியிருக்கிறீர்கள். கட்டப்போகிற புதிய வாசிகசாலையின் படம்: மூன்று மாடி, முகப்பு முழுக்க நீலக் கண்ணாடி, கண்ணாடி இல்லாத இடத்தில் பளபளவென்று அலுமினியத் தகடு, மொட்டை மாடியில் சோலர், கீழே பச்சை எழுத்தில் ‘பசுமைக் கட்டடம்’. பெனரின் ஒரு பக்கக் கயிறு வேப்பமரத்தில் கட்டியிருக்கிறது. அந்த வேம்புக்கும் வரிசையில் நிற்கிற மற்ற நாலு மரங்களுக்கும் சிவப்புப் பெயின்டில் இலக்கம் போட்டாயிற்று. ஐந்தும் வாகனத் தரிப்பிடத்துக்காகப் போகின்றன. பழைய ஓட்டுக் கட்டடமும் போகிறது. யாரும் எங்களைக் கேட்கவில்லை, பெனரைப் பார்த்துத்தான் ஊருக்கே தெரியும்.

ஊரின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. எழுதினால் இது ஒரு ஊர்ச் சண்டையாகிவிடும். வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் கரையோரத்தில் இதே நீலக் கண்ணாடிதான் எழும்பிக்கொண்டிருக்கிறது. ஆகவே படம் கீறுகிறவர்கள், காசு ஒதுக்குகிறவர்கள், கடைசியில் கையொப்பமும் முத்திரையும் வைக்கிறவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். அதில் நானும் அடக்கம். முப்பது வருடமாகப் படம் கீறிப் பிழைக்கிறவன் நான், கட்டடக்கலைஞர் இல்லை, டிப்ளோமாவோடு நின்றுவிட்ட ஆள். நீங்கள் அனுமதித்த பிழைகளில் கொஞ்சம் என் பென்சிலிலிருந்து வந்தவை. அதை மறைத்துக்கொண்டு உங்களைக் குறை சொல்ல வரவில்லை.

முதலில் அந்தக் கண்ணாடி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். மேற்கு. ஏன் மேற்கு? றோட்டு மேற்கில் இருக்கிறது, முகப்பு றோட்டைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் காரணம். மட்டக்களப்பு வாவிக்கு இந்தப் பக்கத்தை எழுவான்கரை என்றும் அந்தப் பக்கத்தைப் படுவான்கரை என்றும் சூரியனை வைத்தே நிலத்துக்குப் பெயர் சொல்கிற ஆட்கள் நாங்கள். சூரியன் எங்கே படும் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும், கட்டடம் கீறும்போது மட்டும் மறந்துபோகிறோம்.

மட்டக்களப்பு பூமத்திய ரேகையிலிருந்து எட்டுப் பாகைகூட வடக்கே இல்லை. ஏப்ரலில் ஒருமுறை, செப்டெம்பர் தொடக்கத்தில் இன்னொருமுறை, மத்தியானச் சூரியன் எங்கள் உச்சந்தலைக்கு நேரே வரும். மற்ற மாதங்களிலும் மத்தியானத்தில் அது உயரத்தில்தான் நிற்கும், அதனால் வடக்குச் சுவரையும் தெற்குச் சுவரையும் ஒரு மூன்றடித் தாழ்வாரம் காப்பாற்றிவிடும். கிழக்கும் மேற்கும் அப்படியில்லை. சூரியன் சரிந்து வந்து நேரே சுவரில் அடிக்கும், எவ்வளவு நீட்டித் தாழ்வாரம் வைத்தாலும் கீழால் நுழைந்துவிடும். கிழக்கு வெயிலாவது இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த சுவரில் விழுகிறது. மேற்கு வெயில் விழுவது நாள் முழுக்கக் காய்ந்துபோன கட்டடத்தில். அதோடு வைகாசி பிறந்தால் கச்சான் காற்று, நெல்லு அவிக்கிற அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி, அதுவும் மேற்கிலிருந்துதான். கண்ணாடி வெயிலை உள்ளே விடும், சூடேறிய தரையும் மேசையும் திருப்பி வீசுகிற வெப்பத்தை வெளியே விடாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் ஏறியவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

இப்போது வெட்டப்போகிற மூன்று வேம்பும் வாகையும் பூவரசும் எந்தப் பக்கம் நிற்கின்றன தெரியுமா? அதே மேற்குப் பக்கம். எங்கள் முந்தின தலைமுறை ஆரோ யோசித்து நட்டது. அதை வெட்டிவிட்டு, அந்த நிழல் செய்த வேலையைச் செய்ய 24 ஏசி போட்டிருக்கிறீர்கள்.

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் பக்கத்து ஊரில் இதே மாதிரி ஒரு கண்ணாடி அலுவலகம் எழும்பியது. அதன் படிக்கட்டும் மலசலகூடமும் நான் கூலிக்குக் கீறியவை. போன வைகாசியில் ஒரு அலுவலாக அங்கே போனேன். மேற்குக் கண்ணாடி முழுக்கத் திரைச்சீலை, திரை எட்டாத இடத்தில் பழைய பத்திரிகைத்தாள் ஒட்டியிருந்தது. வெளிச்சத்துக்காகக் கண்ணாடி, கண்ணாடியை மறைக்கத் திரை, திரை போட்டதால் பகல் இரண்டரை மணிக்கு ரியூப் லைட், இதற்கெல்லாம் மேலே ஏசி. ஏசிக்கு நேர் கீழே இருந்த தங்கச்சி சால்வை போர்த்திக்கொண்டிருந்தார், கண்ணாடியோரத்துத் தம்பிக்குச் சட்டை நனைந்திருந்தது. ஒரே அறை!

2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் நின்றதே, அந்தக் காலத்தில் இதே அலுவலகத்துக்கு நான் போயிருக்கிறேன். ஜன்னல் திறக்கிற கட்டடம் இல்லை அது. திறக்க ஜன்னலே வைக்கவில்லை. அலுவலர்கள் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு எதிர்த் தேநீர்க்கடை மரத்தடிக்கு வந்து, ஒரு வாங்கில் வைத்து என் கடதாசிக்கு முத்திரை குத்தித் தந்தார்கள். அந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை மே மாதத்துக்குத் தள்ளிப்போயிருந்தது. எங்கள் வாசிகசாலையில் பிள்ளைகள் ஆறு மணி வரைக்கும் ஜன்னல் வெளிச்சத்தில் இருந்து படித்தார்கள். அங்கே கரண்ட் இல்லை என்பதை யாரும் பெரிதாகக் கவனித்ததாகவே தெரியவில்லை.

சரி, சோலர் இருக்கிறதே என்பீர்கள். கணக்குப் பார்ப்போம். பெனரில் 10 கிலோவாற் என்று போட்டிருக்கிறது. எங்கள் பக்கத்து வெயிலில் ஒரு கிலோவாற் சோலர் ஒரு நாளைக்குச் சராசரியாக நாலு யூனிட் அளவில் தரும், ஆகப் பத்துக்கு நாற்பது யூனிட். ஒரு 18,000 பிரியூ (BTU, ஏசியின் குளிராக்கும் அளவு) ஏசி ஓடும்போது ஏறக்குறைய ஒன்றரைக் கிலோவாற் இழுக்கும். 24 ஏசி, ஏழு மணித்தியாலம்: இருநூற்றைம்பது யூனிட். இன்வேட்டர் ஏசி, குறைத்து இழுக்கும் என்று பாதியாக வைத்தாலும் நூற்று இருபத்தைந்து. இன்னொன்று, பற்றரி இல்லாமல் மின்கம்பியோடு இணைக்கிற சோலர், கம்பியில் கரண்ட் நின்றால் தானும் நின்றுவிடும். வெளியே லைனில் வேலை செய்கிறவர் சாகக்கூடாது என்பதற்காக அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஆகவே கரண்ட் போகிற நாளில் உங்கள் மூன்று மாடியும் சோலரோடு சேர்ந்து இருட்டில் வேகும். சோலர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, என் வீட்டுக் கூரையிலும் இருக்கிறது. ஏசியைக் கூட்டி வைத்துவிட்டு அதை மறைக்கச் சோலரை வைப்பதைத்தான் சொல்கிறேன்.

அடுத்தது மழை. இதில் என் குற்றம்தான் பெரிது. மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்க 2007இல் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தைத் திருத்தினார்கள், 2009இல் விதிகள் வர்த்தமானியில் வந்தன. அன்று தொடக்கம் இன்று வரை நான் கீறுகிற படங்களின் மூலையில் ஒரு மழைநீர்த் தாங்கி இருக்கும். அளவு, குழாய், வடிகட்டி எல்லாம் சரியாக இருக்கும். அனுமதி கிடைக்கும். வீடு எழும்பும். தாங்கி எழும்பாது. குடிபுகுந்த பிறகு அமைவுச் சான்றிதழுக்கு, அதாவது அனுமதித்த படத்தின்படிதான் கட்டியிருக்கிறது என்ற சான்றிதழுக்கு, வந்து பார்க்கிறவர் மதிலைப் பார்ப்பார், எல்லைத் தூரத்தை அளப்பார், தாங்கி எங்கே என்று கேட்ட ஒருவரை இத்தனை வருடத்தில் நான் காணவில்லை. நான் கீறிய தாங்கிகளையெல்லாம் உண்மையாகவே கட்டியிருந்தால் மட்டக்களப்பில் இன்னொரு வாவி இருந்திருக்கும்.

புதிய வாசிகசாலைப் படத்திலும் அந்த மூலைத் தாங்கி இருக்கிறது, பார்த்தேன். ஐயாயிரம் லீற்றர். கூரை ஐந்நூறு சதுர மீற்றர். இந்தப் பக்கத்தில் ஆண்டுக்கு 1600 மில்லிமீற்றருக்கு மேல் மழை, பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில். ஒரே நாளில் நூறு மில்லிமீற்றர் பெய்தால், வழிந்தும் சிந்தியும் போனது போக நாற்பதினாயிரம் லீற்றர் அந்தக் கூரையிலிருந்து இறங்கும். தாங்கி எட்டில் ஒரு பங்கைப் பிடிக்கும். மிச்சம் எங்கே போகும் என்று படத்தில் தேடினேன். றோட்டு வடிகானுக்கு. வளவு முழுக்க இன்ரலொக் கல், ஒரு சொட்டும் நிலத்துக்குள் இறங்க வழியில்லை.

எங்கள் நிலம் மணல். தண்ணீரைக் குடிக்கிற நிலம். கிணற்றில் நாங்கள் அள்ளுகிற நல்ல தண்ணீர், கீழே இருக்கிற உவர்நீருக்கு மேல் மிதக்கிற ஒரு படை மட்டும்தான். மாரியில் இறங்குகிற மழைதான் அதைத் தடிப்பாக்கும், அது இறங்காவிட்டால் கோடையில் கிணறு உப்பாகும். 2004 சுனாமிக்குப் பிறகு கிணறுகள் உவர்த்துப்போய் தண்ணீர் பவுசருக்கு வாளியோடு நின்ற ஊர் இது. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குழாயில் வந்தவுடன் கிணற்றை மறந்துவிட்டோம்.

இன்னும் மோசம், வளவை நாலடி உயர்த்துகிறார்கள், கிரவல் போட்டு. பின்வளவில் இடியப்பம் அவித்து விற்கிற ஒரு அக்கா இருக்கிறார். 2011 தை வெள்ளத்தில் தண்ணீர் அவருடைய வீட்டுப் படியில் நின்று, வாசிகசாலை வளவுக்குள்ளால் வடிந்து வாவிக்குப் போனது. இனி அந்த வழியில் நாலடிக் கிரவல் மதில். வாவி கடலோடு சேருகிற முகத்துவாரத்து மணலை வெட்டிவிட்டால் வாவி இறங்கும், சரி, அக்காவின் வீட்டுத் தண்ணீர் வாவிக்கு எந்த வழியால் போகும்? மண் போட்டு உயர்த்தாமல் தூணில் ஏற்றியிருக்கலாமே. கீழ்த்தளத்தில் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் நிற்கும், அதுவே வாகனத் தரிப்பிடம், மரம் வெட்டத் தேவையே இல்லை. இதை உங்களுக்கு நான் சொல்லித்தரவேண்டியிருக்கிறது என்பதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பழைய கட்டடத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு சூறாவளி அடித்தபோது எனக்கு ஒன்பது வயது. காலையில் அப்பாவோடு போய்ப் பார்த்தேன். வாசிகசாலை விறாந்தைக் கூரை முழுசாகக் கழன்று பக்கத்து வளவுக் கிணற்றடியில் கிடந்தது. உள்மண்டபத்தில் ஓடுகள் நிறையப் போய்விட்டன, ஆனால் மரச்சட்டம் அசையவில்லை. ஏன் என்று படம் கீறப் படித்த பிறகுதான் விளங்கியது. விறாந்தைக் கூரையைப் பெரிய கூரையோடு ஒரே கைமரத்தில் இழுக்காமல், கொஞ்சம் தாழ்த்தித் தனியாக வைத்திருக்கிறார்கள். காற்று அடியில் புகுந்து விறாந்தையைத் தூக்கினால் அது மட்டும் போகும், வீட்டுக் கூரையைக் கூட இழுத்துக்கொண்டு போகாது. சூறாவளிக்குக் கட்டுவது எப்படி என்று இன்றைக்கு வருகிற வழிகாட்டிகளிலும் இதைத்தான் எழுதுகிறார்கள். அதே விறாந்தைதான் மாரியில் வாடைக்காற்றோடு சாய்ந்து அடிக்கிற மழையைச் சுவரில் படாமல் பிடிக்கிறது, கோடையில் ஜன்னலுக்குக் குடை பிடிக்கிறது. சுவரின் மேற்பகுதியில் துவாரங்கள், சூடேறிய காற்று அதனாலும் ஓட்டு இடுக்காலும் வெளியேறும், பின்னேரம் கடற்காற்று கிழக்கு ஜன்னலால் வரும். இதைக் கட்டியவர் பசுமைக் கட்டடம் என்ற சொல்லையே கேட்டிருக்கமாட்டார்.

அது குறையில்லாத கட்டடம் என்று சொல்ல மாட்டேன். படியேற முடியாதவர் உள்ளே வர சரிவுப் பாதை இல்லை. பெண் பிள்ளைகளுக்கு மலசலகூடம் இல்லை. மாரியில் புத்தகங்களுக்குப் பூஞ்சணம், கோடையில் கறையான். இடம் போதாது, அதை நானும் பத்து வருடமாகச் சொல்கிறேன். பழைய நூல்கள் வைக்கிற அறைக்கும் கணினி அறைக்கும் ஏசி போடுங்கள், அது நியாயம். தம்புள்ளைக்குப் பக்கத்தில் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா கட்டி 1994இல் திறந்த கண்டலம ஹோட்டலுக்கு ஒருமுறை போயிருக்கிறேன். அறைகளுக்குத்தான் ஏசி, நடைபாதைகள் எல்லாம் திறந்து கிடந்தன, காற்றும் குரங்கும் வந்து போயின. பணக்காரருக்குக் கட்டிய ஹோட்டலிலேயே அப்படியென்றால், பத்திரிகை பார்க்க வருகிறவருக்கு ஏன் கதவை அடைக்கவேண்டும்?

‘காசு’ என்று ஒரு பதில் வரும். நீளப்பக்கத்தை வடக்கும் தெற்குமாகத் திருப்பக் காசு செலவில்லை, தாளைத் திருப்பினால் போதும். மேற்கில் படிக்கட்டு, மலசலகூடம், களஞ்சியம் என்று ஆள் இருந்து வேலை செய்யாத அறைகளை வைத்தால் அவையே வெயிலை வாங்கிக்கொள்ளும். மேற்குச் சுவரைச் செங்கல்லில் எலிப்பொறிக் கட்டாகக் கட்டலாம். கேரளாவில் கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் ஊர் ஊராகக் கட்டிக் காட்டிய முறை அது. கல்லைச் சரித்து விளிம்பில் நிறுத்துவது, நடுவில் வெற்றிடம் விழும், கல் கால்வாசி குறையும், அந்த வெற்றிடத்துக் காற்று வெப்பத்தை மெதுவாக்கும். என் தங்கச்சி வீட்டு மேற்குச் சுவருக்கு இதைச் செய்தோம். மேசன் முதல் நாள் சிரித்தார், மூன்றாம் நாள் தன் வீட்டுக்கும் கல் கணக்குக் கேட்டார்.

கண்ணாடிக்கும் அலுமினியத் தகட்டுக்கும் போகிற காசை எந்தக் கணக்கில் மிச்சம் என்கிறீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை. அந்தத் தகடு என்ன வகை என்றும் படத்தில் எழுதவில்லை. இரண்டு அலுமினியத் தாளுக்கு நடுவில் எரிகிற பிளாஸ்ரிக் வைத்த வகை ஒன்று இருக்கிறது. 2017இல் லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் தீயை மேலே ஏற்றியது அந்த வகைதான், 72 பேர் இறந்தார்கள். பிள்ளைகளும் கடதாசியும் நிறைந்த கட்டடம் இது.

ஆகவே கேட்கிறேன். படம் திருத்தப்படும் வரை அந்த ஐந்து மரத்தில் ஒன்றிலும் கத்தி படக்கூடாது, இலக்கம் போட்டதை எழுத்தில் ரத்துச் செய்யுங்கள். மேற்குக் கண்ணாடி முகப்பை எடுத்துவிட்டு, நீளப்பக்கம் வடக்கும் தெற்குமாகப் பார்க்க, ஆட்கள் இருக்கிற ஒவ்வொரு அறையிலும் கையால் திறக்கிற ஜன்னலோடு படத்தைத் திரும்பக் கீறச் சொல்லுங்கள். கிரவல் நிரப்பை நிறுத்தித் தூணில் ஏற்றுங்கள், இன்ரலொக் கல்லை நடைபாதைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, தாங்கி நிரம்பி வழிகிற தண்ணீரை வளவுக்குள்ளேயே மணலில் இறக்குங்கள். தாங்கியையும் கூரையின் அளவுக்குக் கணக்குப் போட்டுப் பெரிதாக்குங்கள். பழைய மண்டபத்தை இடிக்காமல், திருத்தி, சரிவுப் பாதை போட்டுப் புதிய கட்டடத்தோடு சேர்த்துக்கொள்ள முடியுமா என்று ஒரு பொறியியலாளரைக் கொண்டு பார்த்து, அந்த அறிக்கையை எங்களுக்கும் காட்டுங்கள். பின்னால் இருக்கிற அஸ்பெஸ்டஸ் கொட்டிலைக் கழற்றுவதானால் சுத்தியலால் உடைக்க விடாதீர்கள். தண்ணீர் தெளித்து நனைத்து, சீற்றை முழுசாக இறக்கவேண்டும், வேலையாட்களுக்கு முகமூடி வேண்டும். அதன் தூசு புற்றுநோய் தருவது.

மற்றது எல்லா ஊருக்கும் பொதுவானது. இனி அமைவுச் சான்றிதழ் கொடுக்கும் முன் மழைநீர்த் தாங்கியை நேரில் போய்ப் பாருங்கள், படம் பிடித்துக் கோப்பில் வையுங்கள், தாங்கி இல்லையென்றால் சான்றிதழும் இல்லை என்று சொல்லுங்கள். நான் கீறிய வீடுகளிலிருந்தே தொடங்குங்கள், பட்டியல் தருகிறேன். பொதுக் காசில் கட்டுகிற எந்தக் கட்டடத்துக்கும், எத்தனை ஏசி, மாதம் எத்தனை யூனிட், அதில் சோலர் எவ்வளவு தரும் என்ற கணக்கை அத்திவாரம் வெட்டும் முன் அறிவித்தல் பலகையில் போடுங்கள். போடாவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்பேன், படிவம் நிரப்பித்தான் இருக்கிறது.

கூட்டம் வைப்பதானால் கண்ணாடி அலுவலகத்தில் வேண்டாம். வாசிகசாலை விறாந்தையில், பகல் இரண்டரை மணிக்கு வையுங்கள். பின்வளவு அக்காவையும் கூப்பிடுங்கள். நான் தாளும் பென்சிலும் கொண்டு வருகிறேன், இந்தப் படத்துக்குக் கூலி வேண்டாம்.

மரத்துக்கு இலக்கம் போட்ட தம்பி, மெஷின் அடுத்த மாதம் முதல் கிழமை வரும் என்று சொன்னார். அதற்கு முன் எழுத்தில் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
முப்பது வருடமாக உங்கள் மேசைக்குப் படம் கொண்டு வருகிறவன்